அடிக்காத அலாரம்

ஜூன் 3

பட்டாசுக்கு,

போனில் என் நம்பரைத் தடை செய்து வைத்திருக்கிறாய். போகட்டும், மெயிலையாவது திறப்பாய் என்று எழுதுகிறேன். படிக்காமல் மூடினால் உன் அண்ணன் மேல் ஆணை என்று எழுத வந்தேன். அவர் மேல் ஆணையிடுகிற நிலைமையில் இப்போது நான் இல்லை.

மூன்றாம் மெஷினில் இருந்த முட்டைகள் மொத்தமும் போய்விட்டன. குஞ்சு பொரிப்பதற்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. காலையில் கிளம்பும்போது முட்டைத் தட்டில் காது வைத்துக் கேட்டேன், ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சு கீச்சென்று சத்தம். பண்ணைக்குக் குஞ்சுகளைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து மெஷின் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. உள்ளே காற்றாடி நின்றுபோயிருக்கிறது, ஹீட்டர் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டை இழுத்துக் காது வைத்தேன். அடுத்ததை இழுத்தேன். ஒன்றிலும் சத்தம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு சுவர் தள்ளி முன்னறையில் உன் அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டு குஞ்சுப் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தார். "அலாரம் அடிக்கவே இல்ல"என்கிறார். மெஷினில் சூடு ஏறினால் போனை அலற வைக்க நீ எழுதிக் கொடுத்தாயே, அந்த அலாரம். போனை நீட்டுகிறார். "பாரு, சத்தம் முழுசா வெச்சிருக்கேன், ஒரு மெசேஜ்கூட வரல"என்கிறார்.

இந்தக் கதையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். மேட்ச் பார்ப்பதற்காக போனை ஊமையாக்கிவிட்டு "அடிக்கவே இல்ல" என்று சாதித்தாரே, நீதானே அன்றைக்கு உன் ப்ரோக்ராம் எழுதி வைக்கிற பதிவை, அந்த லாகைத் திறந்து கையும் களவுமாகப் பிடித்தாய்? அதே ஆள்தான், அதே முழிதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேக்கிங் பெண்கள், டிரைவர் எல்லோரும் நிற்கும்போதே "பொய் சொல்ற வாயை மூடுங்க" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து பேக்கிங் ரூமில் அட்டையை விரித்துப் படுக்கிறார். வீட்டுப் படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்தத் தடவை லாக் கோப்பை நானே திறந்து பார்த்தேன். அன்றைக்கு ஒரு வார்னிங்கூட இல்லை. அவரே அழித்தாரா, உன் ப்ரோக்ராம் எழுதவே இல்லையா, எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். பொய் சொல்வது உன் ப்ரோக்ராமா, உன் அண்ணனா? ப்ரோக்ராம் என்றால் உன்னைத் திட்டிவிட்டுச் சோறு பொங்குவேன். அவர் என்றால் இனி அந்த மனுஷனோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. சும்மா சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி என் அக்கா வருகிறாள், பிரிந்துவிடுவதைப் பற்றிப் பேசத்தான் வருகிறாள்.

பூசி மெழுகாமல் பதில் எழுது.

அண்ணி

ஜூன் 5

அண்ணிக்கு,

எத்தனை மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் முதல் குற்றவாளி நான்தான்! நன்றாக இருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை? வேண்டாம், அதை உங்களிடம் எதிர்பார்த்தது என் தப்பு.

என் ப்ரோக்ராமில் நான் சேர்த்திருக்கிற லாகிங் லைப்ரரி என்றால் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. ஒன்றும் இல்லை. ப்ரோக்ராம் ஓடும்போது நடப்பதையெல்லாம் எழுதி வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு சேதிக்கும் ஒரு தரம் உண்டு. டீபக் என்றால் வெறும் முணுமுணுப்பு. இன்ஃபோ என்றால் "மெஷின் ஓடுது, சூடு சரி" என்கிற சாதாரணப் பேச்சு. வார்னிங் என்றால் ஏதோ சரியில்லை, வந்து பார். எரர் என்றால் ஒரு வேலை கெட்டுவிட்டது. கிரிட்டிக்கல் என்றால் எல்லாம் போச்சு. எந்தத் தரத்திலிருந்து காது கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அந்த வரிக்கு பேசிக்கான்ஃபிக் என்று பெயர். நான் இன்ஃபோவில் வைத்தேன். அதே வரியில், எல்லாவற்றையும் கோப்பில் எழுது, வார்னிங்கும் அதற்கு மேலும் வந்தால் அண்ணன் போனுக்கும் அனுப்பு என்று சேர்த்தேன்.

இதை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. தலை காய வைக்கிற மெஷினை சென்சார் முன்னால் பிடித்து உங்கள் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டினேன். அண்ணன் போன் அலறிய அலறலில் நீங்கள் டம்ளரைக் கீழே போட்டீர்கள். உங்கள் வீட்டை விட்டு நான் கிளம்புகிற வரை ஒரு தடவைகூட அது தவறியதில்லை. ஆபீசில் என்னை நம்பி ஆஸ்பத்திரிகளுக்கான ப்ரோக்ராமையே கொடுத்திருக்கிறார்கள். சூடு கூடினால் எழுது என்கிற வரியிலா நான் கோட்டை விடுவேன்?

சொல்லவே வாய் கூசுகிறது. என் ப்ரோக்ராம் பொய் சொல்லாது, அண்ணி. அண்ணன்தான் சொல்கிறார். போனை ஊமையாக்கியிருப்பார், பிறகு பயத்தில் லாகில் கை வைத்திருப்பார். அவருக்கு அது முடியும், எப்படித் திறப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு பிரிகிறேன், கிழிக்கிறேன் என்று ஆடாதீர்கள். முட்டை போனால் முட்டை. அந்த லாக் கோப்பை எனக்கு அனுப்புங்கள், எந்த நேரத்தில் அழித்தார் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. தினசரி முட்டைக் கணக்குக்கு ஒரு அறிக்கை ப்ரோக்ராம் எழுதிக் கொடு என்று நீங்கள் நச்சரித்ததும், நான் முடியாது என்றதும், "என் வீட்டுல உக்காந்து என் கரண்ட்டுல எழுதுறவளுக்கு இவ்வளவு திமிரா"என்று நீங்கள் கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

பட்டாசு

ஜூன் 8

பட்டாசு,

கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாய். அந்த மட்டும் நன்றி.

உன் கடிதத்தை அப்படியே அச்செடுத்துக்கொண்டு பேக்கிங் ரூமுக்குப் போனேன். உன் அண்ணன் முட்டைத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். "உங்க தங்கச்சி எழுதியிருக்கா, கேளுங்க" என்று சத்தமாகவே படித்தேன். பெண்கள் கையில் எடுத்த முட்டையை வைக்க மறந்து நின்றார்கள். "அண்ணன்தான் சொல்கிறார்"என்கிற இடம் வந்ததும் குழாயை மூடினார். என்னைப் பார்த்துச் சண்டைக்கு வருவார் என்று இருந்தேன். வரவில்லை. "அவளே எழுதினாளா?"என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடி குழாயைத் திறந்து தட்டு கழுவ ஆரம்பித்துவிட்டார். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்த ஊமைத்தனம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது.

கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் அன்றைக்கு மட்டும் தேடாதே. கொஞ்ச நாளாகவே அது சுத்தமாகத்தான் இருக்கிறது. நீ இருந்த காலத்தில் அதைத் திறந்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும், "சூடு சரி, சூடு சரி" என்று பக்கம் பக்கமாக. இப்போது சென்சார் கம்பி கழன்றால் ஒரு வரி வரும், அவ்வளவுதான். நான் அறிக்கை எழுதிச் சேர்த்த பிறகுதான் இந்த ஒழுங்கு வந்தது. ஆமாம், நானேதான் எழுதினேன். "முடிஞ்சா நீங்களே எழுதிக்கோங்க"என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, முடிந்தது. அந்த லைப்ரரியின் உதவிப் பக்கங்களைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டு எழுதினேன். தினமும் ஆறு மணிக்கு எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று கணக்காக வந்து நிற்கிறது.

அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன், முடிவு எடுத்தாயிற்று என்று.

அண்ணி

ஜூன் 9

அண்ணி!

உங்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? அதை ஏன் சத்தம் போட்டுப் படித்தீர்கள்? நான் உங்களுக்கு எழுதினேன். பேக்கிங் ரூமுக்கு எழுதவில்லை, டிரைவருக்கு எழுதவில்லை. "அவளே எழுதினாளா"என்று அண்ணன் கேட்டதை நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து அவருக்கு போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுக்க மாட்டேன் என்கிறார்.

சரி, அது இருக்கட்டும். கோப்பைப் பார்த்தேன். இதை யாரும் அழிக்கவில்லை. அழிக்கிறவன் அன்றைய வரிகளை அழிப்பான். இதில் பல வாரங்களாக ஒரு இன்ஃபோ இல்லை, ஒரு வார்னிங் இல்லை. மெஷினை முடுக்கினால் "ஆரம்பித்தது" என்று ஒரு வரி வர வேண்டும், அதுகூட இல்லை. அறிக்கை சேர்த்த நாளோடு எல்லாம் நின்றிருக்கிறது. ஒழுங்கு வந்ததாம்! வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதற்குப் பெயர் ஒழுங்கா?

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் அண்ணி? உங்கள் அறிக்கைப் பக்கத்தையும், என் பெரிய ப்ரோக்ராமில் அதை எங்கே சேர்த்தீர்கள் என்பதையும் அப்படியே அனுப்புங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். இன்றைக்கே அனுப்புங்கள்.

ஜூன் 10

அனுப்பியிருக்கிறேன். பெயர் போட்டு எழுதக்கூட உனக்கு நேரம் இல்லை, எனக்கும் இல்லை.

என் பக்கத்தில் தப்பு இருக்க வழியே இல்லை. உதவிப் பக்கத்தில் "முதலில் இந்த வரியை எழுதுங்கள்"என்று அந்த பேசிக்கான்ஃபிக்கைப் போட்டிருந்தது, எழுதினேன். கோப்பின் பெயரை உன்னுடையதைப் பார்த்தே போட்டேன். தரத்தை மட்டும் எரர் என்று வைத்தேன். ஏன் என்றால் என் அறிக்கைக்கு நடுநடுவே சூடு சரி, சூடு சரி என்று வந்து உயிரை எடுக்கும். என் பக்கம் மட்டும் அமைதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். உன் பக்கத்தில் நான் கை வைக்கவே இல்லை. உன் பொருளைத் தொட்டால் நீ ஆடுகிற ஆட்டம் எனக்குத் தெரியாதா?

உச்சியில் சேர்த்திருக்கிறேன், உன் வரிகளுக்கு மேலே. கஷ்டப்பட்டு எழுதினது, அடியில் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்கும் திட்டு.

ஜூன் 11

அண்ணிக்கு,

நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள்.

இந்த லைப்ரரியில் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. பேசிக்கான்ஃபிக் வரி பக்கத்துக்கு ஒன்று இல்லை. மொத்த ப்ரோக்ராமுக்கும் ஒன்றுதான். யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் செல்லும். இரண்டாவது வருகிறவரை அது காதிலேயே போட்டுக்கொள்ளாது. "ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிவிட்டார்"என்று ஒரு வார்த்தை சொல்லாது. திட்டாது, நிற்காது, எல்லாம் சரியாக நடக்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் உங்கள் பக்கத்தை உச்சியில் சேர்த்ததால் உங்கள் வரி முதலில் ஓடியது. எரருக்குக் கீழே எதையும் கேட்காதே என்று அது சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு என் வரி வந்தது. இன்ஃபோவிலிருந்து எழுது, அண்ணன் போனுக்கு அனுப்பு என்றது. யாரும் கேட்கவில்லை. போன் இணைப்பே போடப்படவில்லை. கோப்பின் பெயர் ஒன்றாக இருந்ததால் கோப்பு மட்டும் உருவாகிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காற்றாடி நின்ற அன்றைக்கு என் ப்ரோக்ராம் நிமிஷத்துக்கு நிமிஷம் வார்னிங் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கிக் குப்பையில் போட்டிருக்கிறது உங்கள் வரி.

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. அலாரம் அடிக்கவே இல்லை.

என்னிடம் கேட்டிருக்கலாமே! ஒரு வரி, ஒரே ஒரு மெயில், "பட்டாசு, இப்படிச் சேர்க்கட்டுமா"என்று. கேட்டால் உங்கள் கௌரவம் குறைந்துவிடும். அடியில் சேர்த்தாலும் குறைந்துவிடும். உங்கள் வீம்புக்கு மூன்றாம் மெஷின் வெந்தது, அண்ணன் பொய்யர் ஆனார்.

சரிசெய்கிற விதம் இதுதான். உங்கள் பக்கத்திலிருந்து அந்த வரியை அடியோடு எடுங்கள். அதற்குப் பதிலாக அறிக்கைக்கென்று லாகர் என்கிற தனி எழுத்தர் ஒன்றைப் பெயர் வைத்து ஏற்படுத்தி, அதற்கு மட்டும் எரர் என்று தரம் வையுங்கள். மற்றவர்கள் வாயை அது அடைக்காது. செய்த பிறகு சென்சார் முன்னால் சூடு காட்டிச் சோதியுங்கள். போன் அலறினால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் பேக்கிங் ரூமுக்குப் போங்கள். என் அந்தக் கடிதத்தை எந்தச் சத்தத்தில் படித்தீர்களோ அதே சத்தத்தில் இதையும் படியுங்கள்.

பட்டாசு

ஜூன் 16

பட்டாசு,

மூன்று நாள் உனக்குப் பதில் எழுதாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போது திட்டினேன், வண்டியில் போகும்போது திட்டினேன். வீம்பு என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், வீம்புதான். ஆனால் நீ ஒன்று சொல்லு. சென்சார் கம்பி கழன்றால் அது உனக்கு எரர். உள்ளே இருக்கிற உயிர் அத்தனையும் வேகிறது, அது வெறும் வார்னிங்கா? யாரைக் கேட்டு அப்படி வைத்தாய்? அதை எரர் என்று எழுதியிருந்தால் போன் அடித்திருக்காவிட்டாலும் கோப்பிலாவது ஒரு வரி நின்றிருக்கும். நான் கோப்பைப் பார்த்ததும் உன் அண்ணன் காலில் விழுந்திருப்பேன். கம்பிக்குக் கொடுத்த மரியாதையை நீ குஞ்சுக்குக் கொடுக்கவில்லை. இதற்கும் என் வீம்புதான் காரணமா?

நீ சொன்னபடி என் வரியை எடுத்தேன், தனி லாகர் வைத்தேன், சோதித்தேன். முன்னறையில் போன் அலறியது. உன் அண்ணன் ஓடி வந்தார். மெஷின் முன்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார். "நில்லுங்க" என்றேன். பேக்கிங் ரூமுக்கு அழைத்துப்போய், எல்லோரையும் கூப்பிட்டு, உன் கடிதத்தைப் படித்தேன். வீம்பு என்கிற வார்த்தையையும் விடவில்லை. அடி வாங்கின மாதிரி இருந்தது, படித்தேன். முடித்துவிட்டு "நீங்க சொன்னது உண்மைதான், நான்தான் தப்பு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் "இப்பவாவது தெரிஞ்சுதே" என்று குத்திக்காட்டுவார், நானும் பதிலுக்கு நாலு கொடுப்பேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இப்ப என்னை நம்புறியா?"என்றார்.

"நம்புறேன்."

"எத வெச்சு?"

"அதான் பட்டாசு கண்டுபிடிச்சுட்டாளே."

"அப்ப நம்புறது அவளைத்தான்" என்றார். "நான் சொன்னப்ப நம்பல. அவ கண்டுபிடிக்காமப் போயிருந்தா?"

பேக்கிங் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மேட்ச் அன்னிக்கு நீங்க பொய் சொன்னீங்களே என்று கேட்கலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவும் கேட்டேன். "ஒரு தடவை சொன்னேன். அதுக்கு ஆயுசு முழுக்க என் வாயில வர்றது எல்லாம் பொய்யா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை ஓங்கி உதைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று அக்கா வந்தாள். பிரிகிற பேச்சே வேண்டாம், திரும்பிப் போ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு"என்றார் அவளிடம். "நான் கொஞ்ச நாள் பேக்கிங் ரூம்லயே இருக்கேன். வீட்டுக்கு எப்ப வரணும்னு எனக்கே தெரியல. அவகிட்ட சொல்லிடுங்க." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன், பட்டாசு. அவகிட்ட சொல்லிடுங்க என்கிறார்.

உனக்கும் சொல்லச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீ எனக்கு எதையும் மறைக்காமல் எழுதினாய். "அவ பொண்டாட்டி, ஆத்திரத்துல கத்துவா. பட்டாசை நான் தூக்கி வளர்த்தேன். அவ எனக்கு ஒரு போன் பண்ணி, அண்ணே என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கலாம். கேக்காமலே எழுதிட்டா." இதுதான் அவர் சொன்னது, ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கோபம் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் மேல் இருக்கிறது, அவர் மேல் இருக்கிறது, என் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

ஜூன் 17

அண்ணிக்கு,

குஞ்சு வேகிறது வார்னிங் இல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஆபீசில் உட்கார்ந்து அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன், எனக்கே என்னை அறைய வேண்டும் போல் இருந்தது. அதன் தரத்தை உயர்த்தி, ப்ரோக்ராமை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொன்னதை நீங்கள் எழுதினது நல்லது. அதைப் படித்துவிட்டு கேன்டீனில் அழுதேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது, பிறகு அவர் மேல் வந்தது, கடைசியில் யார் மேல் வருவது என்றே தெரியாமல் ஆபீசுக்கு லீவு சொன்னேன். என் ப்ரோக்ராமைக் காப்பாற்ற என் அண்ணனைப் பொய்யர் என்று எழுதினேன். கேட்கக்கூட இல்லை.

போனில் அவர் எடுக்க மாட்டார். கடிதத்தில் இனி அவரைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதிக்கொள்வதும் போதும். சனிக்கிழமை வருகிறேன். அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் அன்றைக்கென்று பார்த்து எந்தப் பண்ணைக்காவது வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வர மாட்டேன், நேராக பேக்கிங் ரூமுக்குத்தான் வருவேன். நீங்களும் அங்கே வந்துவிடுங்கள்.

விளக்கம் சொல்ல வேண்டாம். லைப்ரரி, வரி, தரம் எதுவும் வேண்டாம். அண்ணே என்ன நடந்துச்சு என்று நான் கேட்பேன், அவ்வளவுதான். அவர் சொல்லி முடிக்கிற வரை நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. திட்டினால் திட்டு வாங்கிக்கொள்வோம். ஒன்றும் சொல்லாமல் தட்டு கழுவினால் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் கழுவுவோம். நடுவில் "ஆனால்" என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள் என்றால், அண்ணி, அத்தனை பேர் முன்னாலும் உங்கள் வாயைப் பொத்துவேன். நான் ஆரம்பித்தால் நீங்கள் பொத்துங்கள்.

உங்கள் நம்பரைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பட்டாசு